பாட்டாளி யார்? – ஒரு வரையறையின் வரலாறு

கூலி, சம்பளம், ஊதியம் என்னும் மூன்று சொற்களும் ஒரு பொருளையே குறிப்பன போலத் தோன்றும். ஒருவர் உழைக்கிறார், அவ்வுழைப்புக்காக மற்றொருவர் பணம் தருகிறார். ஆயினும் தமிழ்க் குடும்பங்களின் வழக்கில் இம்மூன்றும் ஒன்றல்ல. நாள் முடிவில் வாங்குவது கூலி. மாதம் முடிந்து வாங்குவது சம்பளம். அரசாணையிலும் அறிக்கையிலும் எழுதப்படுவது ஊதியம். வரன் தேடுவோர் 'பையனுக்கு என்ன உத்தியோகம்?' என்று கேட்பார்களேயன்றி, 'என்ன கூலி?' என்று கேட்பதில்லை. சொல் மாறும்போது மதிப்பும் மாறுகிறது.

பிழைப்பை நாடி ஊரைவிட்டு வந்த நம்மிடையேயும் இவ்வேறுபாடு உடன்வந்துள்ளது. மும்பையில் மாதுங்காவில் குடியேறிய தமிழர் பலர் அலுவலகங்களில் எழுத்தர்களாகவும் கணக்கர்களாகவும் பணிபுரிந்தனர். அங்கிருந்து நடந்து சென்றுவிடக்கூடிய தொலைவில் உள்ள தாராவியில், திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்கள் தோல் பதனிடும் தொழிலில் உழைத்தனர். தில்லியிலோ கரோல் பாக்கிலும் அரசுக் குடியிருப்புகளிலும் ஒரு தமிழ் ஒலித்தது. வடிகால் ஓரத்துக் குடிசைகளில் மற்றொரு தமிழ் ஒலித்தது. மாதச் சம்பளம் வாங்கும் எழுத்தரும், நாட்கூலி வாங்கும் தோல் தொழிலாளியும், பல வீடுகளில் பாத்திரம் துலக்கும் பெண்ணும் ஒரே வர்க்கத்தைச் சேர்ந்தவர்களா? மார்க்சியச் சிந்தனையாளர்கள் ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக வாதிட்டு வரும் வினா இது. அதன் வரலாற்றைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சொல்லின் பிறப்பு

நாம் 'பாட்டாளி வர்க்கம்' என்று வழங்கும் தொடர், ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் 'ப்ரோலிடேரியட்' என்னும் சொல்லுக்கு ஈடானது. அச்சொல்லின் வேர் இலத்தீன் மொழியில் உள்ளது. பண்டைய ரோமாபுரியில் குடிமக்களை அவரவர் சொத்துக்கு ஏற்ப வகுத்தனர். சொத்து ஏதுமின்றி, தாம் பெற்ற பிள்ளைகளை மட்டுமே அரசுக்கு அளிக்கக்கூடியவர்களை 'ப்ரோலிடேரியஸ்' என்றனர். 'ப்ரோலெஸ்' என்றால் மக்கட்பேறு. ஆகவே அச்சொல் தொடக்கத்தில் தொழிலைக் குறித்ததன்று, இல்லாமையைக் குறித்தது.

நம் மொழியிலோ 'பாட்டாளி' என்பது பாடுபடுவோரைக் குறிக்கிறது. 'தொழிலாளி' என்பது தொழிலை உடையவரைக் குறிக்கிறது. இல்லாமையை உணர்த்திய ஒரு சொல்லுக்கு உழைப்பையும் உடைமையையும் உணர்த்தும் சொற்கள் ஈடாக வந்தமை கருதத்தக்கது. பாடுபடுவோர் எல்லாரும் பாட்டாளிகளே என்று நாம் எளிதில் கூறிவிடுவதற்கு இச்சொல்லமைப்பும் ஒரு காரணம் ஆகலாம். ஆயின் மார்க்ஸ் கருதியது அதுவன்று. தனக்குச் சொந்தமான இரண்டு காணி நிலத்தில் விடியுமுன் ஏர் பூட்டும் உழவரும், தம் வீட்டுத் தறியில் நள்ளிரவு வரை நெய்யும் நெசவாளரும் பாடுபடுவோரே. எனினும் மார்க்சின் கணக்கில் அவர்கள் பாட்டாளி வர்க்கத்தினர் அல்லர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரெஞ்சு, ஜெர்மானிய எழுத்தாளர்கள் இப்பழஞ்சொல்லுக்குப் புத்துயிர் அளித்தனர். ரோமானியப் பாட்டாளி சமுதாயத்தை அண்டி வாழ்ந்தவன், புதுக்காலத்துப் பாட்டாளியையோ சமுதாயமே அண்டி வாழ்கிறது என்னும் கருத்தைப் பொருளியல் அறிஞர் சிஸ்மாண்டி வெளியிட்டார். மார்க்ஸ் அதனை 1869ஆம் ஆண்டில் எடுத்தாண்டார். 1845ஆம் ஆண்டில் எங்கெல்ஸ், இங்கிலாந்தின் தொழிலாளர் நிலையைப் பற்றித் தம் நூலை வெளியிட்டார். 1848ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் இலண்டனில் வெளிவந்த கம்யூனிஸ்ட் அறிக்கை, பாட்டாளி வர்க்கத்தை உலக அரசியலின் நடுவில் நிறுத்தியது. அவ்வறிக்கையின் முதற்பகுதி 1931ஆம் ஆண்டில் ஈரோட்டுப் பெரியாரின் 'குடிஅரசு' இதழில் தமிழில் வெளிவந்தது என்பதும் நாம் நினைவில் கொள்ளத்தக்கதே.

இவ்விருவருடைய வாழ்க்கையிலும் எழுத்தர் பணி குறுக்கிட்டது என்பதைப் பலர் அறியார். மான்செஸ்டரில் தம் தந்தையார் பங்குதாரராக இருந்த நூற்பாலை நிறுவனத்தில், 1850ஆம் ஆண்டில் எங்கெல்ஸ் அலுவலகப் பணியாளராகவே சேர்ந்தார். பின்னரே பங்குதாரர் ஆனார். மார்க்சோ 1862ஆம் ஆண்டில், வறுமை நெருக்கியபோது, ஓர் ஆங்கிலேய இரயில்வே அலுவலகத்தில் வேலைக்கு முயன்றார். கையெழுத்து நன்றாக இல்லாமையால் அவ்வேலை கிட்டவில்லை என்று அவரே நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் கூறியுள்ளார்.

வரையறையின் மூன்று கூறுகள்

அறிக்கையின் 1888ஆம் ஆண்டு ஆங்கிலப் பதிப்பில் எங்கெல்ஸ் ஒரு குறிப்பைச் சேர்த்தார். பாட்டாளி வர்க்கத்திற்குச் சுருக்கமான வரையறை அதில்தான் கிடைக்கிறது. 1867ஆம் ஆண்டில் வெளிவந்த 'மூலதனம்' முதல் தொகுதியுடன் இணைத்து நோக்கின், அதில் மூன்று கூறுகள் தெளிவாகும்.

முதலாவது, உற்பத்திச் சாதனம் இன்மை. நிலம், தறி, இயந்திரம், மூலப்பொருள் ஆகியன பாட்டாளிக்குச் சொந்தமல்ல. இரண்டாவது, உழைப்புச் சக்தியை விற்றல். அவர் அடிமை அல்லர். தம் உடலையே விற்பவரும் அல்லர். குறித்த நேரத்திற்குத் தம் உழைக்கும் ஆற்றலை விற்கிறார். இவரை இருவகையில் 'சுதந்திரமானவர்' என்று மார்க்ஸ் எள்ளலோடு குறிப்பிடுகிறார்: ஆண்டானின் பிடியிலிருந்தும் விடுபட்டவர்; உடைமையின் பாரத்திலிருந்தும் விடுபட்டவர். மூன்றாவது, பிறருடைய ஆணையின்கீழ் உழைத்தல். வேலை நாளின் ஒரு பகுதியில் தம் கூலிக்கு ஈடான மதிப்பை அவர் உண்டாக்குகிறார்; எஞ்சிய பகுதியில் உண்டாக்குவது உபரி மதிப்பு. பன்னிரண்டு மணி நேர வேலை நாளில் ஆறு மணி தமக்காகவும் ஆறு மணி முதலாளிக்காகவும் உழைப்பதாக எடுத்துக்காட்டித் தம் கணக்கை மார்க்ஸ் விளக்குவார்.

இவ்வரையறையில் சொல்லப்படாதவற்றையும் நாம் உற்று நோக்குதல் வேண்டும். கையில் அழுக்குப் படியவேண்டும் என்று அது கூறவில்லை. ஆலைக்குள் நிற்கவேண்டும் என்று கூறவில்லை. பசித்திருக்க வேண்டும் என்றும் கூறவில்லை. வர்க்கம் என்பது மனிதரின் தோற்றமன்று. மனிதர்க்கும் மனிதர்க்கும் இடையே, உற்பத்திச் சாதனத்தை முன்னிட்டு அமையும் உறவு. சட்டையின் வெண்மையைக் கொண்டு வர்க்கத்தை அறிய இயலாது.

பள்ளி ஆசிரியரும் வீட்டுப் பணியாளரும்

இதனை விளக்க மார்க்ஸ் கையாண்ட எடுத்துக்காட்டு ஆலைத் தொழிலாளி அல்லர், பள்ளி ஆசிரியர். தனியார் ஒருவர் இலாபம் கருதிப் பள்ளி நடத்துகிறார் என்று கொள்வோம். அங்கே பாடம் சொல்லும் ஆசிரியர், பிள்ளைகளின் அறிவை வளர்ப்பதோடு பள்ளி உரிமையாளரின் பணத்தையும் பெருக்குவாராயின், அவர் உபரி மதிப்பை உண்டாக்கும் தொழிலாளியே ஆவார். பணம் போட்டவர் அதனைக் கல்விச் சாலையில் போட்டாரா, இறைச்சிப் பண்டம் செய்யும் சாலையில் போட்டாரா என்பதால் இவ்வுறவு மாறுவதில்லை என்பது மார்க்சின் கருத்து.

சமையற்காரரையும் அவர் அவ்வாறே நோக்கினார். உணவு விடுதியில் சமைப்பவர் விடுதி உரிமையாளரின் மூலதனத்தைப் பெருக்குகிறார். ஆதலின் அவர் உழைப்பு 'உற்பத்தி சார்ந்தது'. அதே மனிதர் ஒரு செல்வர் வீட்டில் அதே பண்டத்தைச் சமைத்தால், அங்கே மூலதனம் பெருகுவதில்லை. செல்வரின் வருமானம் செலவாகிறது. ஆதலின் அவ்வுழைப்பு 'உற்பத்தி சாராதது'. ஈண்டு ஒன்றைத் தெளிவுபடுத்துதல் நலம். 'உற்பத்தி சாராதது' என்பது இழிவுரை அன்று. பயனற்றது என்று அதற்குப் பொருளும் அன்று. மூலதனத்தின் கண்கொண்டு பார்த்தால் அது எவ்வாறு தோன்றும் என்பதை மட்டுமே அச்சொல் உணர்த்துகிறது.

வீட்டுப் பணியாளரின் தொகையை மார்க்ஸ் புறக்கணிக்கவும் இல்லை. 1861ஆம் ஆண்டின் இங்கிலாந்து, வேல்ஸ் மக்கள்தொகைக் கணக்கை அவர் எடுத்துக்காட்டுகிறார். துணி ஆலைகளில் பணிபுரிந்தோர் ஏறத்தாழ 6 இலட்சத்து 42 ஆயிரம் பேர். வீட்டுப் பணியாளரோ 12 இலட்சத்துக்கும் மேற்பட்டோர். ஆலைகளின் நாடு என்று பெயர்பெற்ற இங்கிலாந்தில், துணி ஆலைத் தொழிலாளரைப் போல் ஏறத்தாழ இரு மடங்கினர் பிறர் வீடுகளில் பணி செய்தனர். உடைமையற்ற இவர்களும் உழைப்புச் சக்தியை விற்றே வாழ்ந்தனர். ஆயின் முதலாளிக்கு உபரி மதிப்பை ஈட்டித் தரவில்லை. இவர்கள் பாட்டாளி வர்க்கத்தினரா? வரையறையின் முதலிரு கூறுகள் ஆம் என்கின்றன, மூன்றாவது தயங்குகிறது. பின்னாளில் எழுந்த வாதங்கள் பெரும்பாலும் இத்தயக்கத்தினின்று பிறந்தவையே.

முடிவுறாத பக்கம்

இவ்வினாவுக்கு மார்க்சே முடிவான விடை கூற முற்பட்டார். 1883ஆம் ஆண்டு மார்ச்சு 14ஆம் நாள் அவர் மறைந்தபின், அவருடைய கையெழுத்துப் படிகளைத் தொகுத்து 'மூலதனம்' மூன்றாம் தொகுதியை 1894ஆம் ஆண்டில் எங்கெல்ஸ் வெளியிட்டார். அதன் இறுதி அதிகாரமான ஐம்பத்திரண்டாவதன் தலைப்பு 'வர்க்கங்கள்' என்பது. கூலி உழைப்பாளர், முதலாளிகள், நிலவுடைமையாளர் என்னும் மூன்று பெரும் வர்க்கங்களை அதில் மார்க்ஸ் குறிப்பிடுகிறார். பின்னர், வர்க்கமாக அமைவதற்கு அடிப்படை யாது என்று வினவுகிறார். வருமானம் வரும் வழி ஒன்றாயிருப்பதே அடிப்படை போலும் என்று தொடங்கி, அவ்வாறு கொண்டால் மருத்துவர்களும் அரசு அலுவலர்களும் இரு தனி வர்க்கங்கள் ஆகிவிடுவரே என்று தடை எழுப்புகிறார். அத்தடைக்கு விடை வருவதற்குள் கையெழுத்துப் படி நின்றுவிடுகிறது.

பெருநூலின் இறுதியில் பேசப்படுபவர்களுள் அரசு அலுவலர் ஒருவர்; அவரை எங்கே சேர்ப்பது என்பது கூறப்படவில்லை. பின்வந்தோர் ஒவ்வொருவரும் அவ்விடத்தைத் தத்தம் கருத்தால் நிரப்ப முயன்றனர்.

ஜெர்மானிய எழுத்தர்கள்

அதே மூன்றாம் தொகுதியில் வணிக நிறுவன எழுத்தர்களைப் பற்றி மார்க்ஸ் எழுதிய பகுதி ஒன்று உண்டு. அவர்கள் நேரடியாக உபரி மதிப்பை உண்டாக்குவதில்லை. எனினும் தம் ஊதியத்துக்கு ஈடான நேரத்திற்கும் மேலாக உழைத்து முதலாளியின் செலவைக் குறைக்கின்றனர். பொதுக்கல்வி பரவப் பரவ, எழுதவும் கணக்கிடவும் அறிந்தோர் பெருகுவர். அவர்தம் ஊதியம் வீழும் என்று மார்க்ஸ் கணித்தார். நூலைப் பதிப்பித்த எங்கெல்ஸ் அவ்விடத்தில் ஓர் அடிக்குறிப்பை எழுதினார். 1865ஆம் ஆண்டில் எழுதப்பட்ட இக்கணிப்பு பலித்துவிட்டது. மூன்று, நான்கு மொழிகள் அறிந்து, வணிக நடைமுறை அனைத்தும் கற்ற ஜெர்மானிய எழுத்தர்கள் நூற்றுக்கணக்கில் இலண்டனில் வாரம் 25 ஷில்லிங்குக்கு வேலை தேடியும் கிடைக்காமல் அலைகின்றனர். திறமை மிக்க இயந்திரத் தொழிலாளியின் கூலி அதனினும் மிகுதி என்பது அக்குறிப்பின் சாரம். வேற்றூருக்குப் பிழைக்கச் சென்ற எழுத்தர்களின் நிலையை நம்மவர்க்கு விளக்கிக் கூறத் தேவையில்லை.

ஜெர்மனியிலேயே இவ்வினா அரசியலாயிற்று. 1899ஆம் ஆண்டில் பெர்ன்ஸ்டைன், இடைத்தட்டு மக்கள் மறைந்து போகவில்லை, மார்க்சின் எதிர்பார்ப்பைத் திருத்தவேண்டும் என்று எழுதினார். காவுட்ஸ்கி அதனை மறுத்து, எழுத்தர்கள் நாளடைவில் பாட்டாளிகளின் நிலையை எய்துவர் என்றார். அறிஞர்கள் வாதிட்டுக்கொண்டிருக்கையில் அரசு ஒரு கோட்டைக் கிழித்தது. 1911ஆம் ஆண்டில் அலுவலகப் பணியாளர்க்கெனத் தனிக் காப்புறுதிச் சட்டம் இயற்றப்பட்டது. அலுவலர் 65 வயதில் ஓய்வூதியம் பெறலாம். தொழிலாளியோ அன்று 70 வயது வரை காத்திருக்க வேண்டும். அலுவலரின் கைம்பெண்ணுக்கு உதவித்தொகை உண்டு. தொழிலாளியின் கைம்பெண்ணுக்கோ அவர் உழைக்க இயலாதவராக இருந்தால் மட்டுமே உண்டு.

ஒரே நகரில், ஒரே நிறுவனத்தில், ஏறத்தாழ ஒரே ஊதியத்தில் வாழ்ந்த இருவரை அச்சட்டம் இரு இனத்தவர் ஆக்கியது. தாம் தொழிலாளி அல்லர் என்னும் எண்ணத்தை எழுத்தர் தாமாகவே வளர்த்துக் கொண்டார் என்று கூறுவோர் இச்சட்டத்தை மறந்துவிடுகின்றனர். 1929–30ஆம் ஆண்டுகளில் பெர்லின் நகரத்து அலுவலகப் பணியாளரைப் பற்றி எழுதிய கிராக்கவர், அவர்கள் வாழ்க்கை ஆலைத் தொழிலாளியின் வாழ்க்கையை ஒத்திருந்தும் மனம் அதனை ஏற்க மறுத்ததை விரிவாகக் காட்டினார். அவ்விரு பிரிவினர்க்கும் தனித்தனியே இருந்த ஓய்வூதிய அமைப்புகள் 2005ஆம் ஆண்டில்தான் ஒன்றாக இணைக்கப்பட்டன. கோடு கிழிப்பது எளிது. அழிப்பதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு ஆயிற்று.

வட்டத்தைச் சுருக்கியோரும் விரித்தோரும்

1919ஆம் ஆண்டில் லெனின் வர்க்கத்திற்கு ஒரு விளக்கம் தந்தார். உற்பத்தி முறையில் வகிக்கும் இடம், உற்பத்திச் சாதனங்களோடு உள்ள உறவு, உழைப்பை ஒழுங்கு செய்வதில் ஏற்கும் பங்கு, சமுதாயச் செல்வத்தில் பெறும் அளவு ஆகியவற்றை அவர் அளவுகோல்களாகக் கொண்டார். 'ஒழுங்கு செய்வதில் ஏற்கும் பங்கு' என்னும் கூறு பின்னாளில் பெரிதும் பயன்பட்டது.

1974ஆம் ஆண்டில் இரண்டு நூல்கள் வெளிவந்து எதிரெதிர்த் திசைகளில் சென்றன. அமெரிக்கரான பிரேவர்மன், இளமையில் செம்புக் கொல்லராகப் பணிபுரிந்தவர். அலுவலகமும் ஆலையாகி வருகிறது, எழுத்தரின் பணி சிறு சிறு துண்டுகளாக்கப்பட்டு, சிந்திக்கும் பொறுப்பு மேலிடத்துக்குச் சென்றுவிடுகிறது, எனவே எழுத்தரும் தொழிலாளியே என்று அவர் நிறுவினார். பாரிசில் வாழ்ந்த கிரேக்க அறிஞர் புலாண்ட்சாஸ், உபரி மதிப்பை நேரடியாக உண்டாக்கும் உடலுழைப்பாளர் மட்டுமே தொழிலாளி வர்க்கம் என்றார். எழுத்தரையும் அரசு ஊழியரையும் 'புதிய குட்டி முதலாளி வர்க்கம்' எனப் பிரித்து வைத்தார். இவ்வளவு குறுகிய வட்டம் வரைந்தால் அமெரிக்காவில் தொழிலாளி வர்க்கம் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைந்துவிடும் என்று எரிக் ஓலின் ரைட் கணக்கிட்டுக் காட்டினார்.

ரைட் கூறிய தீர்வு வேறு. சிலர் ஒரே நேரத்தில் இரு வர்க்கங்களின் தன்மையையும் தாங்கி நிற்கின்றனர். அவர்களை 'முரண்பட்ட வர்க்க நிலைகளில்' நிற்போர் என்று அவர் அழைத்தார். மேற்பார்வையாளர் தாமும் கூலிக்கு உழைக்கிறார். பிறர் உழைப்பின்மேல் ஆணையும் செலுத்துகிறார். அவருடைய ஒரு கால் இங்கும் மறுகால் அங்கும் உள்ளது. இவற்றுக்கெல்லாம் முன்னரே, 1963ஆம் ஆண்டில், ஆங்கில வரலாற்றறிஞர் ஈ. பி. தாம்சன் மற்றொரு கோணத்தைக் காட்டினார். வர்க்கம் என்பது பட்டியலில் எழுதிவைக்கும் பொருளன்று. பொதுவான நலன்களைத் தம்முள் உணரும் மக்கள் தம் அனுபவத்தால் வரலாற்றில் உருவாக்கிக் கொள்ளும் உறவு என்றார்.

இந்தியச் சட்டமும் இந்திய எழுத்தரும்

நம் நாட்டில் இவ்வரலாறு நூல்களில் நடந்ததைவிடத் தெருக்களிலும் நீதிமன்றங்களிலும் மிகுதியாக நடந்தது. 1918ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் நாள் சென்னைத் தொழிற்சங்கம் தோன்றியது, பி. பி. வாடியாவும் திரு. வி. க.வும் பின்னி ஆலைத் தொழிலாளர்க்குத் துணை நின்றனர். 1923ஆம் ஆண்டு மே முதல் நாள் சிங்காரவேலர் சென்னையில் மே தினம் கொண்டாடினார். அன்று தொழிலாளி எனில் ஆலைத் தொழிலாளியே கண்முன் நின்றார்.

1946ஆம் ஆண்டு ஜூலையில் தபால்காரர்களும் கடைநிலை ஊழியர்களும் தொடங்கிய வேலைநிறுத்தம் அக்காட்சியை மாற்றியது. அதற்கு ஆதரவாக ஜூலை 29ஆம் நாள் கல்கத்தா நகரமே வேலைநிறுத்தம் செய்தது. மறு ஆண்டில் இயற்றப்பட்ட தொழிற்தகராறுச் சட்டம், உடலுழைப்போடு எழுத்தர் பணியையும் சேர்த்தே 'தொழிலாளி' என்பதை வரையறுத்தது. ஐரோப்பிய அறிஞர்கள் வாதிட்டு முடியாத ஒன்றை இந்தியச் சட்டம் ஒரே சொல்லில் முடித்தது. ஆயினும் 1956ஆம் ஆண்டுத் திருத்தம், மேற்பார்வையாளர் மாதம் 500 ரூபாய்க்கு மேல் பெற்றால் அவர் தொழிலாளி அல்லர் என்றது. அவ்வெல்லை 1984ஆம் ஆண்டில் 1,600 ரூபாயாகவும், 2010ஆம் ஆண்டில் 10,000 ரூபாயாகவும் உயர்ந்தது; அச்சட்டத்தின் இடத்தில் 2020ஆம் ஆண்டில் நிறைவேறிய தொழில் உறவுத் தொகுப்புச் சட்டம் அதனை 18,000 ரூபாய் ஆக்கியது. ஓர் ஊதிய உயர்வால் ஒருவரின் வர்க்கம் மாறிவிடுமா என்று மார்க்ஸ் நகைத்திருப்பார்.

ஆசிரியர் நிலை இன்னும் வியப்பானது. அவர் செய்வது உடலுழைப்பும் அன்று, எழுத்தர் பணியும் அன்று; ஆதலின் அச்சட்டப்படி அவர் 'தொழிலாளி' அல்லர் என்று உச்ச நீதிமன்றம் 1988ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. மார்க்ஸ் தொழிலாளிக்கு எடுத்துக்காட்டாகக் கொண்ட அதே ஆசிரியரை, நம் சட்டம் தொழிலாளி அல்லர் என்று விலக்கியது. இரண்டும் தத்தம் அளவில் முரணற்றவையே. சட்டம் பணியின் வகையைக் கேட்டது. மார்க்ஸ் பணியின் உறவைக் கேட்டார்.

மத்திய அரசு எழுத்தர்களாகிய நம் நிலை யாது? நாம் உபரி மதிப்பை ஈட்டுவதில்லை; வரிப் பணத்தினின்று ஊதியம் பெறுகிறோம். ஆதலின் குறுகிய வட்டத்தில் நமக்கு இடமில்லை. ஆனால் நம் ஊதியம் எவ்வாறு கணிக்கப்படுகிறது என்று நோக்கினால் வேறொன்று புலப்படும். 1957ஆம் ஆண்டில் கூடிய பதினைந்தாவது இந்தியத் தொழிலாளர் மாநாடு, தேவை அடிப்படையிலான குறைந்தபட்சக் கூலிக்கு ஓர் அளவுகோல் வகுத்தது. சம்பாதிக்கும் ஒருவர்க்கு மூன்று நுகர்வு அலகுகள் கொண்ட குடும்பம். ஓர் அலகுக்கு நாளொன்றுக்கு 2,700 கலோரி உணவு. குடும்பத்துக்கு ஆண்டொன்றுக்கு 72 கஜம் துணி. அவற்றுடன் வீட்டு வாடகை, எரிபொருள், விளக்கு முதலியன. 1960ஆம் ஆண்டு ஜூலையில் மத்திய அரசு ஊழியர்கள் ஐந்து நாள் வேலைநிறுத்தம் செய்தபோதும், 1968ஆம் ஆண்டு செப்டம்பர் 19ஆம் நாள் ஒருநாள் வேலைநிறுத்தம் செய்தபோதும், முழக்கங்களுள் முதன்மையாக நின்றது இவ்வளவுகோலே. அரசு அவசரச் சட்டத்தாலும் வேலை நீக்கத்தாலும் அவற்றை எதிர்கொண்டது. பின்னர் 2015ஆம் ஆண்டில் அறிக்கை அளித்த ஏழாவது ஊதியக் குழு, குறைந்தபட்ச ஊதியமாக 18,000 ரூபாயைக் கணக்கிட்டபோது அதே மாநாட்டின் அளவுகோலையே அடிப்படையாகக் கொண்டது.

உழைப்புச் சக்தியின் மதிப்பு யாது என்னும் வினாவுக்கு மார்க்ஸ் தந்த விடையும் இதுவே: உழைப்பவரும் அவர்தம் குடும்பமும் உண்டு, உடுத்து, மறுநாளும் வேலைக்கு வருவதற்குத் தேவையான பொருள்களின் மதிப்பு. கோப்புகளை ஆளும் அலுவலரின் ஊதியத்தைக் கணிக்க அமர்ந்த குழு, ஆலைத் தொழிலாளிக்கு அளந்த அதே அரிசியையும் பருப்பையும் துணியையும் அளந்தது. நாம் நம்மை எப்பெயரால் அழைத்துக் கொண்டாலும், நம் ஊதியத்தைக் கணித்தோர் நம்மை உழைப்புச் சக்தியை விற்போராகவே கணித்துள்ளனர்.

வட்டத்துக்கு வெளியே நிற்போர்

எனினும் இவ்விடத்தோடு நின்றுவிடுதல் நேர்மையாகாது. அரசு எழுத்தர்க்கு ரைட் கூறிய மறுகாலும் உண்டு. நாம் எழுதும் குறிப்பும் தயாரிக்கும் பட்டியலும் பிறருடைய வாழ்வைத் தொடுகின்றன. 2025ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள், தில்லி ஜங்புரா பகுதியில் பாராபுல்லா வடிகாலின் ஓரமாகப் பல பத்தாண்டுகள் இருந்த மதராசி கேம்ப் என்னும் குடியிருப்பு, உயர் நீதிமன்ற ஆணைப்படி அகற்றப்பட்டது. அங்கு வாழ்ந்தோரில் பெரும்பாலோர் தமிழர். பெண்கள் பலர் சுற்றுப்புற வீடுகளில் பணிபுரிந்தவர்கள். ஏறத்தாழ 370 குடும்பங்களுள் 189 குடும்பங்களே, வெகு தொலைவில் உள்ள நரேலாவில் மாற்று வீடு பெறத் தகுதியுடையனவாகக் கொள்ளப்பட்டன. தகுதியைத் தீர்மானித்தவை ஆவணங்கள். ஆவணம் எழுதுவோர், சரிபார்ப்போர், பட்டியலிடுவோர் யாவரும் நம்மைப் போன்ற எழுத்தர்களே.

வீட்டுப் பணியாளர் இன்றும் வட்டத்தின் விளிம்பில்தான் நிற்கின்றனர். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2011ஆம் ஆண்டில் அவர்களுக்கென 189ஆம் எண் உடன்படிக்கையை ஏற்றது. இந்தியா அதனை இன்னும் உறுதி செய்யவில்லை. கைப்பேசியின் ஆணைக்கேற்ப உணவும் பொருளும் கொண்டுவரும் இளைஞர்களை, 2020ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் மரபான முதலாளி–தொழிலாளி உறவுக்கு வெளியே உள்ளவர்கள் என்று வரையறுக்கிறது. மோட்டார் சைக்கிள் அவர்களுடையது. ஆதலின் அவர்கள் சிறு உடைமையாளரைப் போல் தோற்றமளிக்கின்றனர். ஆனால் எந்தத் தெருவுக்கு, எந்நேரத்தில், என்ன விலைக்குச் செல்வது என்பதை அவர்கள் தீர்மானிப்பதில்லை. 1911ஆம் ஆண்டில் ஜெர்மனியில் எழுத்தரைத் தொழிலாளியிடமிருந்து பிரித்த கோட்டுக்கும் இக்கோட்டுக்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு. அன்று பிரிக்கப்பட்டவர்க்குச் சலுகை கூடியது. இன்று பிரிக்கப்பட்டவர்க்குப் பாதுகாப்புக் குறைந்துள்ளது.

இவ்வரலாற்றினின்று நாம் கொள்ளத்தக்க முடிவு யாது? உபரி மதிப்பு எங்கே பிறக்கிறது என்று அறிய விழைவோர்க்குக் குறுகிய வரையறை தேவை. பொருளியல் ஆய்வில் அதற்குரிய இடம் உண்டு. ஆனால் உழைத்தாலன்றி அடுத்த மாதத்தை எதிர்கொள்ள இயலாதவர் யார் என்று அறிய விழைவோர்க்கு அகன்ற வரையறையே பொருந்தும். இவ்விரண்டையும் ஒன்றாகக் கலந்து, உபரி மதிப்பை ஈட்டாதவர் தொழிலாளியே அல்லர் என்று கூறியோர், இங்கிலாந்தின் 12 இலட்சம் வீட்டுப் பணியாளரையும், இலண்டனில் 25 ஷில்லிங்குக்கு அலைந்த எழுத்தரையும் ஒருங்கே கணக்கிலிருந்து நீக்கிவிட்டனர்.

நம் வீட்டில் பாத்திரம் துலக்கும் அம்மையாரை நாம் எக்கணக்கில் எழுதுகிறோம் என்பதே இக்கட்டுரை நம்முன் வைக்கும் வினா. அவரும் உடைமையற்றவர், அவரும் தம் ஆற்றலை மணிக்கணக்கில் விற்பவர், நம்மில் பலரைப் போல ஊரைவிட்டு வந்தவர். அவர்க்கு ஓய்வூதியம் இல்லை; அகவிலைப்படி இல்லை; அவருடைய கூலியைக் கணிக்க எந்தக் குழுவும் அமர்வதில்லை. அக்கூலியைக் கணிக்கும் குழு நாமே. 1957ஆம் ஆண்டு மாநாட்டின் அளவுகோலை 1960இலும் 1968இலும் நமக்காகக் கேட்டோம். அவருடைய குடும்பத்துக்கும் அதே 2,700 கலோரியும் அதே 72 கஜமும் தேவை என்பதை மறுக்க எந்த வரையறையும் நமக்கு உதவாது. மாதத்தின் முதல் வாரத்தில் அவர் கையில் கொடுக்கும் தொகையை அவ்வளவுகோலோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்ப்பது நம் சங்கத்துக் குடும்பங்கள் ஒவ்வொன்றும் செய்யக்கூடிய செயலே.